இலங்கைக் கல், ஒன்ராறியோக் கல்

(ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் தமிழ் வாசகர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒட்டாவாவில் கனடாப் புவியியல் அளவைத் துறை என்று 1842இல் தொடங்கிய ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கே கல்லுக்கு வயது பார்க்கும் கருவி ஒன்று உண்டு. வடக்கே பனிப் பிரதேசத்திலிருந்து ஒரு பாறையைக் கொண்டுவந்து உடைத்து, உள்ளே இருக்கும் சின்ன மணிகளைப் பொறுக்கி, பிசினால் செய்த ஒரு வில்லையில் பதித்துக் கருவிக்குள் வைப்பார்கள். அதே வில்லையில் வேறொரு கல்லின் துணுக்குகளும் பதிந்திருக்கும். புதுப் பாறையின் மணிகளைச் சில தடவை அளந்தால், நடுவே இந்தத் துணுக்கையும் ஒரு தடவை அளப்பார்கள். கருவி பிழையில்லாமல் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு. அந்தத் துணுக்கின் பதிவெண் 6266. அது இலங்கையிலிருந்து போன கல்.

இந்த வகைக் கருவியை முதன்முதல் கட்டியது ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில், கான்பெராவில். பில் கொம்ப்ஸ்டன் என்ற அறிஞரின் குழு கட்டியது. ஷ்ரிம்ப் என்று அதற்குப் பெயர். அங்கே பல வருடங்கள் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த கல்லின் பெயர் எஸ்எல்13. எஸ்எல் என்றால் ஸ்ரீலங்கா.

இனி மூன்றாவது கல். உலகத்தில் இன்று இந்த வேலை நடக்கும் ஆய்வுகூடங்களில் 91500 என்ற எண்ணைக் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார். ஹார்வர்ட் பல்கலைக்கழகக் கனிம அருங்காட்சியகத்தில் அந்த எண்ணோடு கிடந்த ஒற்றைப் படிகம் அது. நிறை 238 கிராம். 1995இல் அதை உடைத்து, பல நாட்டு ஆய்வுகூடங்களில் அளந்து, வயது 106 கோடி ஆண்டுக்குச் சற்றே மேல் என்று உறுதிசெய்து, எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். அந்தப் படிகம் எடுக்கப்பட்ட இடம் இந்த ஒன்ராறியோ மாகாணத்தின் ரென்ஃப்ரூ கவுண்டி.

சந்தையில் தராசின் ஒரு தட்டில் வெண்டிக்காய் இருக்கும், மறு தட்டில் படிக்கல் இருக்கும். படிக்கல் பிழைத்தால் அன்றைக்கு நிறுத்த அத்தனையும் பிழை. பூமியின் கண்டங்கள் எப்போது பிறந்தன, எப்படி வளர்ந்தன என்று உலகம் நிறுத்துப் பார்க்கும் தராசில், நாங்கள் பிறந்த தீவின் கல்லும் நாங்கள் குடியிருக்கும் மாகாணத்தின் கல்லும் படிக்கற்களாக இருக்கின்றன. இதை இங்கே வாழும் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் நெடுநாளாக நினைத்ததுண்டு. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

மூன்று கல்லும் ஒரே இனம்: சிர்க்கான். முன்வரிசையில் ஒரு அம்மா, அது கோமேதகமா என்று கேட்கிறார். நல்ல கேள்வி. கோமேதகம் என்ற பெயரில் செம்பழுப்பு நிறச் சிர்க்கானும், ஹெசொனைற் என்ற வேறொரு கல்லும் கலந்தே புழங்கி வந்திருக்கின்றன. இன்று கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ஹெசொனைற். மாத்தறைப் பக்கத்து நிறமற்ற சிர்க்கானை ஒரு காலத்தில் மாத்தறை வைரம் என்றே விற்றார்கள். அமெரிக்கன் டயமண்ட் என்று நகையில் பதிப்பது சிர்க்கோனியா. அது தொழிற்சாலையில் செய்வது, வேறு பொருள். நான் சொல்லும் சிர்க்கான் நிலத்துக்கு அடியில் பாறை உருகி ஆறும்போது தானாக உருவாகும் படிகம். நகைக்கு ஏற்ற அளவில் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, மணலில் ஒரு மணி.

முதலில் கேள்வியை விளங்கிக்கொள்வோம். கடலடி நிலம் வேறு, கண்டத்து நிலம் வேறு. கடலடியின் மேலோடு ஏழு கிலோமீற்றர் அளவு தடிப்பு. கறுப்பான பாரமான பசால்ட் பாறை. கண்டத்தின் மேலோடு சராசரி நாற்பது கிலோமீற்றர் தடிப்பு, பாரம் குறைந்தது. பெருங்கடல்களின் அடியில் இருபது கோடி ஆண்டுக்கு மூத்த நிலம் அநேகமாகக் கிடையாது, ஏனென்றால் அது திரும்ப உள்ளே அமிழ்ந்துவிடும். கண்டம் மிதக்கும், தங்கும். அதில் நானூறு கோடி ஆண்டுப் பாறையும் இருக்கிறது. பூமி தொடங்கியபோது இந்தக் கண்டங்கள் இல்லை. அப்படியானால் இவ்வளவு நிலமும் எங்கேயிருந்து வந்தது, எப்போது வந்தது?

தயிர் கடைவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலோட்டுக்குக் கீழே மான்டில் என்ற பெரும் பாறைத் திரள் இருக்கிறது. அது ஓரளவு உருகும்போது இலேசான பொருட்கள் பிரிந்து மேலே வரும். வெண்ணெய் போல. கோடிக்கணக்கான ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கடைந்து திரண்ட வெண்ணெய்தான் கண்டம். கீழே மிஞ்சிய மான்டில் மோர். இந்த வெண்ணெய் முழுவதும் பூமியின் இளமையிலேயே திரண்டுவிட்டதா, கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டதா, இடைக்கிடை பொங்கிப் பொங்கித் திரண்டதா? அறுபது வருடங்களாக நடக்கும் வாக்குவாதம் இது.

தீர்ப்புச் சொல்லக்கூடிய சாட்சி சிர்க்கான்தான். அந்தப் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறும். ஆகவே இன்று ஒரு சிர்க்கானுக்குள் இருக்கும் ஈயம் அநேகமாக எல்லாம் உள்ளேயே பிறந்த ஈயம். எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்தது என்று பார்த்தால் வயது வந்துவிடும். இதைவிடச் சிறப்பு ஒன்று உண்டு. யுரேனியத்தில் இரண்டு ஐசோடோப்புகள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் சமதானி என்று படித்தது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு எடுக்கும். யுரேனியம் 235க்கு 70 கோடி ஆண்டு போதும். முதலாவது ஈயம் 206 ஆகும், இரண்டாவது ஈயம் 207 ஆகும். ஒரே அறையில் இரண்டு மணிக்கூடு, ஒன்று மெதுவாக ஓடுவது, மற்றது வேகமாக ஓடுவது. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் இடையில் ஈயம் கசிந்திருக்கிறது.

எந்த ஈயம் எதிலிருந்து வந்தது என்று பிரித்தறியாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு இலங்கையே உதாரணம். அந்தக் கதையில் எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார்.

ஆனந்த குமாரசுவாமி. அவரை நடராசர் வடிவத்தைப் பற்றி எழுதியவர், கீழைத்தேசக் கலையை உலகத்துக்கு விளக்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் மச்சான் முறை. 1877இல் கொழும்பில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். அவர் முதலில் படித்தது புவியியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைப் பணியின் இயக்குநராக இருந்தார். கலைப் புத்தகங்கள் எழுதுவதற்கு முன்னால் அவர் சப்பிரகமுவ மாகாணத்தின் ஆற்றுப் படுக்கைகளில் சம்மட்டியோடு அலைந்திருக்கிறார். 1904இல் அங்கேயிருந்து கறுப்பான, அதிபாரமான, கனசதுர வடிவக் கனிமம் ஒன்று அவர் மூலம் இலண்டனுக்குப் போயிற்று. அதைப் பகுத்துப் பார்த்தபோது தோரியம் நிறைந்த ஒரு புதுக் கனிமம் என்று தெரிந்தது. தோரியனைற் என்று பெயர் வைத்தார்கள்.

கதிரியக்கம் கண்டுபிடித்துப் பத்து வருடங்கள்கூட ஆகாத காலம் அது. 1907இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பெர்ட்ரம் போல்ட்வுட் என்பவர் பல நாட்டுக் கனிமங்களில் யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து வயது கணித்தார். மனிதர்கள் ஈயத்தைக் கொண்டு கல்லுக்கு வயது பார்த்த முதல் பட்டியல் அது. 41 கோடி ஆண்டிலிருந்து 220 கோடி ஆண்டு வரை போன அந்தப் பட்டியலில் மிக மூத்ததாக நின்றது இலங்கைத் தோரியனைற். நான்கு வருடம் கழித்து, 1911இல், இருபத்தொரு வயது ஆர்தர் ஹோம்ஸ் தன் பட்டியலை வெளியிட்டபோதும் கடைசி வரியில் இலங்கைதான், 164 கோடி ஆண்டு என்று.

இரண்டும் பிழை. தோரியமும் ஈயமாக மாறும், ஈயம் 208 ஆக. அது அன்றைக்குத் தெரியாது. ஐசோடோப்பு என்ற கருத்தே 1913இல்தான் வந்தது. தோரியத்திலிருந்து வந்த ஈயத்தை யுரேனியத்தின் கணக்கில் எழுதினால் வயது பல மடங்கு கூடத்தான் செய்யும். பிற்கால அளவைகளில் இலங்கைத் தோரியனைற்றுக்கு வந்த வயது ஐம்பது கோடி ஆண்டு அளவில் இறங்கிவிட்டது. ஹோம்ஸ் பிற்காலத்தில் திரும்ப இந்த விஷயத்துக்கு வந்து, இந்தியத் தீபகற்பத்தினதும் இலங்கையினதும் பழம்பாறைகளின் காலத்தைப் பற்றி 1955இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அது எங்கே அச்சானது தெரியுமா? கனடாப் புவியியல் சங்கத்தின் வெளியீட்டில். அதே 1955இல் ஹொலண்ட், கொட்ஃப்ரைட் என்ற இருவர் இலங்கைச் சிர்க்கான்களைக் கதிர்வீச்சு உள்ளிருந்தே எப்படிச் சிதைக்கிறது என்று ஆராய்ந்தார்கள். பச்சை நிறச் சில இலங்கைக் கற்கள் அப்படி உள்ளுக்குள் உடைந்தவை. உடையாதவையோ 56 கோடி ஆண்டு அளவில் ஒரே வயதைச் சொல்பவை, பெரியவை, தெளிவானவை. ஒரு வெப்பத்தில் பிறந்து, அதன்பின் பெரிய வெப்பம் எதையும் காணாதவை. படிக்கல்லுக்கு வேண்டிய குணம் அதுதான். எம்257 என்ற இன்னொரு இலங்கைச் சிர்க்கான் 2008இல் ஒப்பீட்டுக் கல்லாக அறிவிக்கப்பட்டது. பட்டை தீட்டிய 25 கரட்டுக்கு மேற்பட்ட நகைக்கல் அது. எஸ்எல்13ஐ நுணுகிப் பார்க்கும்போது எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தபின் இப்படிப்பட்டவை தேவைப்பட்டன.

இனி எங்கள் நகரத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவில் ரோயல் ஒன்ராறியோ மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாத பெற்றோர் இங்கே குறைவு. டைனசோர் எலும்பு பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டடத்துக்குள் 1975இலிருந்து ஒரு ஆய்வுகூடம் இருந்தது. ஜாக் சாட்டர்லி காலக்கணிப்பு ஆய்வுகூடம். இப்போது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் டொம் க்ரோ.

க்ரோ செய்தது என்னவென்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சிர்க்கானைக் கரைப்பது இலேசான காரியமில்லை. அமிலத்துக்கு மசியாத கல். பழைய முறையில் பெருந்தொகையான சிர்க்கானை வெண்காரத்தோடு சேர்த்து உருக்குவார்கள். வெண்காரத்திலேயே ஈயம் இருக்கும். காற்றில் ஈயம், தூசியில் ஈயம். ஈயம் கலந்த பெற்றோல் ஓடிய காலம் அது. அளக்க வேண்டிய ஈயமோ தூசிக்கும் குறைவு. ரொறன்ரோவுக்கு வருமுன்பே, 1973இல், க்ரோ வேறு வழி காட்டினார். இறுக்கமாக மூடிய சின்ன டெஃப்லான் கிண்ணத்துக்குள் சிர்க்கானையும் சுத்தமான ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தையும் போட்டு, 220 பாகை அளவு சூட்டில் நாட்கணக்கில் அவித்தெடுத்தார். கல் கரைந்தது. வெளி ஈயம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

பிறகு இன்னொன்று கண்டார். கசிவு நடப்பது மணியின் வெளிப்புறத்திலும் வெடிப்புகளிலும்தான், நடுப்பகுதி கெடுவதில்லை. அப்படியானால் வெளிப்புறத்தைத் தேய்த்துவிட்டால் போயிற்று. கட்டைவிரல் அளவு உருக்குக் குடுவைக்குள் சிர்க்கான் மணிகளைப் போட்டுக் காற்றை ஊதிச் சுழலவிட்டார். மணிகள் சுவரில் உரசி உரசி உருண்டையாகி, கெட்ட தோல் போய், நல்ல கரு மிஞ்சும். 1982இல் இந்த முறையை வெளியிட்டார். நெல்லைத் தீட்டித் தவிடு போக்குவது போன்ற வேலை. அதன்பின் இரண்டு மணிக்கூடும் ஒன்றாக ஓடத் தொடங்கின. 270 கோடி ஆண்டுப் பாறைக்கு பத்து, இருபது இலட்சம் ஆண்டுப் பிழைக்குள் வயது சொல்ல முடிந்தது. உலகமெங்கும் இன்று ஒரே ஒரு சிர்க்கான் மணியை அளந்து வயது சொல்கிறார்கள் என்றால், அதற்கான பாதையின் ஒரு பகுதி ரொறன்ரோவில் போடப்பட்டது.

அந்தத் துல்லியத்தால் என்ன தெரிந்தது? வட ஒன்ராறியோ முழுவதும் பரந்து கிடக்கும் சுப்பீரியர் பாறைப் பிரதேசம் ஒரே வீச்சில் உருவானதில்லை. எரிமலைத் தீவுகள் போன்ற தனித்தனிப் பட்டைகள் 270 கோடி ஆண்டுக்கு முன், ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டி ஒரு கண்டமானவை. தெற்கே போகப் போக ஒட்டிய காலம் பிந்துகிறது. பாய் முடைவதுபோல் கண்டம் முடையப்பட்டதை அந்த மணிகள் சொல்லிவிட்டன. சட்பரிப் பள்ளத்தை உண்டாக்கிய விண்கல் மோதல் 185 கோடி ஆண்டுக்கு முன் நடந்தது என்பதும் இந்த ஆய்வுகூடத்தின் கணக்கு. டைனசோர்களை அழித்த விண்கல் மோதலில் அடிபட்டுப் பறந்த சிர்க்கான் துணுக்குகளை எடுத்து, அவை மெக்சிகோவின் சிக்சுலூப் பள்ளத்திலிருந்து வந்தவை என்று 1993இல் நிறுவியவர்களும் க்ரோவும் சாண்ட்ரா காமோவும் அவர்களுடைய கூட்டாளிகளும்தான். மியூசியத்தில் எலும்பு ஒரு மாடியில் இருந்தது, அதன் மரணச் சான்று இன்னோர் அறையில் எழுதப்பட்டது.

ஆனால் வயது மட்டும் தெரிந்தால் போதாது. இங்கேதான் விஷயத்தின் நெஞ்சு இருக்கிறது, பொறுமையோடு கேளுங்கள்.

பாட்டியின் பழைய அட்டியலை உருக்கிப் பேத்திக்குக் காப்புச் செய்கிறோம். காப்பின் வயது ஒரு மாதம். பொன்னின் வயது? அது எந்தக் காலத்துப் பொன்னோ. கண்டமும் அப்படித்தான். மான்டிலிலிருந்து புதிதாக வந்த பொருளில் ஒரு சிர்க்கான் பிறக்கலாம். பழைய கண்டம் ஒன்று உருகி, அந்த உருகலிலும் ஒரு சிர்க்கான் பிறக்கலாம். யுரேனியம்–ஈயம் இரண்டுக்கும் ஒரே வயதைத்தான் சொல்லும். காப்புச் செய்த தேதி அது. பொன் வெட்டிய தேதி அறிய வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி ஹாஃப்னியம். சிர்க்கானில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் அது இருக்கும். லுட்டீசியம் 176 என்ற ஐசோடோப்பு மிக மிக மெதுவாக ஹாஃப்னியம் 176 ஆக மாறுகிறது. பாதியாக 3,700 கோடி ஆண்டு எடுக்கும். கடையும்போது, ஹாஃப்னியத்தோடு ஒப்பிட்டால், லுட்டீசியம் மோரிலேயே கூடத் தங்கிவிடும், வெண்ணெய்க்குக் குறைவாகவே வரும். அதனால் மான்டிலில் ஹாஃப்னியம் 176 வேகமாகக் கூடிக்கொண்டே போகும், கண்டத்தில் பின்தங்கும். சிர்க்கானுக்குள் லுட்டீசியம் அநேகமாக இல்லை. ஆகவே படிகம் பிறந்த கணத்தில் ஹாஃப்னியம் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிடும். அதை அளந்தால், அந்த உருகல் மான்டிலின் புது வெண்ணெயா, பழைய கண்டத்தின் மறு உருக்கலா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது சாட்சி ஒட்சிசன். மான்டிலிலிருந்து நேரே வந்த சிர்க்கானில் ஒட்சிசன் 18இன் அளவு ஒரு குறிப்பிட்ட எண்ணில் நிற்கும். விஞ்ஞானிகள் எழுதும் முறையில் 5.3. மழையில் நனைந்து, உக்கி, மண்ணாகிப் பிறகு உருகிய பொருள் கலந்திருந்தால் அந்த எண் கூடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் மலையில் கிடைத்த ஒரு சிர்க்கான் மணியின் வயது 440 கோடி ஆண்டு என்று 2001இல் வெளியாயிற்று. பூமியில் நம் கைக்குக் கிடைத்த மிகப் பழைய துண்டு அது. அந்த மலையின் பழம் மணிகள் சிலவற்றில் ஒட்சிசன் எண் ஏழைத் தாண்டியிருந்தது. பூமி நெருப்புக் கோளமாகவே நெடுங்காலம் கிடந்தது என்று நினைத்திருந்தவர்கள், அவ்வளவு முன்காலத்திலேயே நிலத்தில் நீர் இருந்திருக்கிறது என்று ஏற்க வேண்டியதாயிற்று. ஒரு மயிரின் அகலத்தை மட்டுமே உடைய மணி ஒன்று கடலுக்குச் சாட்சி சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

இப்போது இந்தச் சாட்சிகளோடு இலங்கைக்குப் போவோம். தீவின் பழம்பாறையை மூன்று பெரும் தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். நடுவே உயர்நிலத் தொகுதி. நுவரெலியா, பதுளை மலைகளிலிருந்து வடகிழக்கே திருகோணமலைப் பக்கம் வரை நீளும். கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைச் சமவெளியில் விஜயன் தொகுதி. வடமேற்கே வன்னித் தொகுதி. வவுனியாவில் தலைகாட்டும் கற்பாறைகள் அதைச் சேர்ந்தவை. கண்டியருகே கடுகண்ணாவையில் நாலாவதாக ஒரு சிறு துண்டும் உண்டு. யாழ்ப்பாணத்து வெள்ளைச் சுண்ணாம்புக்கல் கடலில் படிந்த இளங்கல். அதற்கு அடியில்தான் பழம்பாறை.

இந்தப் பெயர்களை 1991இல் க்ரோனர், கூரே, விதானகே மூவரும் நிலைப்படுத்தினார்கள். பிரிப்பதற்கான ஆதாரம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1987இல் உயர்நிலத் தொகுதியின் பழைய வண்டற்பாறைகளிலிருந்து எடுத்த சிர்க்கான்களைக் கான்பெராவில் அளந்தபோது 320 முதல் 240 கோடி ஆண்டு வரை வயது வந்தது. எங்கேயோ ஒரு மூத்த கண்டம் தேய்ந்து, அதன் மணல் வந்து படிந்த நிலம் அது. அடுத்த ஆண்டு மிலிசெண்டாவும் கூட்டாளிகளும் நியோடிமியம் என்ற தனிமத்தைக் கொண்டு, ஒவ்வொரு தொகுதியின் பொருளும் மான்டிலை விட்டுப் பிரிந்த காலத்தைக் கணித்தார்கள். உயர்நிலத்துக்கு 220 முதல் 300 கோடி ஆண்டு. விஜயனுக்கு 110 முதல் 200 கோடி. வன்னியும் விஜயனைப் போல இளையதுதான். மண்ணைப் பார்த்தால் ஒரே தீவு. உள்ளே வேறு வேறு காலத்தில் பிறந்த நிலத் துண்டுகள்.

அவை ஒன்றாகியது எப்போது? சிர்க்கானின் ஓரத்தைக் கேட்க வேண்டும். எலக்ட்ரோன் கதிரை அடித்து ஒளிரவிட்டுப் பார்த்தால் சிர்க்கானுக்குள் வெங்காயத் தோல்போல வளையங்கள் தெரியும். நடுவே பழைய கரு, சுற்றிவரப் புதிய ஓரம். இலங்கையில் அந்த ஓரங்கள் 61 முதல் 55 கோடி ஆண்டு என்று சொல்கின்றன. இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் மோதி கொண்டுவானா என்ற பெருங்கண்டமாகத் திரண்ட காலம். இலங்கை அந்த மோதலின் நட்டநடுவில், பெருமலைத் தொடரின் அடிவயிற்றில் கிடந்து வெந்தது. நகைக்கல் சிர்க்கான்களும் அந்தக் காலத்தவையே. மலை தேய்ந்து போய், அடிவயிறு இன்று மேலே வந்திருக்கிறது.

ஒன்ராறியோவின் தென்பாகமும் இதே கதைதான், காலம் மட்டும் வேறு. 110 முதல் 100 கோடி ஆண்டுக்கு முன் நடந்த மோதலில் எழுந்த கிரென்வில் மலைத்தொடரின் வேர் இது. பான்கிராஃப்ட் போகும் வழியில் வீதிக்காக வெட்டிய பாறைகளை நின்று பாருங்கள். பளிங்கு, கார்னட், காரீயம் (ஈயமில்லை, கிராஃபைட்). இலங்கையில் போகலைச் சுரங்கத்தில் எடுப்பதும் காரீயம். மாத்தளைப் பக்கத்துப் பளிங்கைப் பார்த்தவர் கண்ணுக்கு இந்த வீதியோரம் அந்நியமாகத் தெரியாது. 91500 என்ற படிக்கல் இந்தப் பாறைகளிலிருந்துதான் வந்தது.

இனி அந்த வாக்குவாதம். 1969இல் ஹேர்லியும் ரான்டும் கண்டங்கள் காலப்போக்கில் வளர்ந்து வந்தன, பெரும்பகுதி பிந்தியது என்றார்கள். பின்னாளில் வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த றிச்சர்ட் ஆம்ஸ்ட்ரோங் அதற்கு நேர் எதிர். கண்டத்தின் அளவு ஆதியிலேயே நிரம்பிவிட்டது, புதிதாக வருகிற அளவு பழையது அமிழ்ந்து மான்டிலுக்குப் போய்விடுகிறது என்று 1968இலிருந்து வாதாடினார். உலகத்து ஆறுகளின் மணலிலிருந்து சிர்க்கான் வயதுகளைத் திரட்டிப் பார்த்தபோது 270, 190, 110, 60 கோடி ஆண்டு அளவுகளில் சிகரங்கள் எழுந்தன. கண்டம் பொங்கிப் பொங்கி வளர்ந்ததற்கு அத்தாட்சி என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள்.

அதை நான் ஏற்கவில்லை. இலங்கையைப் பாருங்கள். தீவின் மணலை அள்ளி ஈய வயது மட்டும் பார்த்தால் ஏராளமான மணிகள் 55 கோடி என்றே சொல்லும். இலங்கை அப்போதுதான் பிறந்தது என்று எழுதிவிடலாம். நியோடிமியத்தைக் கேட்டால் அந்த நிலத்தின் பொருள் 110 முதல் 300 கோடி ஆண்டுக்கு முன்னமே வந்துவிட்டது. 55 கோடியில் நடந்தது காப்பு உருக்கியது. கிரென்விலும் அப்படி. அங்கே பாறைகளில் சிர்க்கான் வழமையைவிட ஏராளம், ஆகவே உலகத்து ஆற்றுமணலில் அந்த வயது மிகையாகத் தெரிகிறது. சிகரம் எழும் காலங்களெல்லாம் கண்டங்கள் மோதிச் சேர்ந்த காலங்கள். மோதலில் உருவானது கண்டத்தின் நடுவில் அகப்பட்டுப் பத்திரமாகத் தங்கிவிடும். கடலோரத்தில் உருவானது அரித்தும் அமிழ்ந்தும் போய்விடும். தங்கியதைத்தான் எண்ணுகிறோம். 2012இல் டூயிம், ஹோக்ஸ்வொர்த் ஆகியோரின் குழு வயது, ஹாஃப்னியம், ஒட்சிசன் மூன்றையும் சேர்த்து வைத்துக் கணித்தபோது, 300 கோடி ஆண்டுக்கு முன்பே இன்றைய கண்ட அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உருவாகியிருந்தது, அதன்பின் வளர்ச்சியின் வேகம் குறைந்தது என்று வந்தது. மூன்று சாட்சியையும் ஒன்றாக விசாரித்த இந்த வழி எனக்குச் சரியாகப் படுகிறது. ஒற்றைச் சாட்சியை நம்பியதால் 1907இல் இலங்கைக்கு 220 கோடி என்று வந்ததை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். பல்லாவரம், பரங்கிமலைக் கருங்கல் உலகப் புவியியலில் ஒரு பெயரைப் பெற்ற கல். கல்கத்தாவில் ஜோப் சார்னொக்கின் கல்லறையில் பதித்திருந்தது அந்தக் கல்தான் என்று கண்டு, 1893இல் தோமஸ் ஹொலண்ட் அதற்குச் சார்னொக்கைற் என்று பெயர் வைத்தார். சென்னைப் பக்கத்துச் சார்னொக்கைற்றின் சிர்க்கான்கள் 250 கோடி ஆண்டு அளவில் நிற்கின்றன. கன்னியாகுமரி மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் சிர்க்கான் ஏராளம்.

கடற்கரை மணல் என்றதும் எனக்கு நினைவு வருவது குச்சவெளி. சிறு வயதில் அங்கே ஈர மணலில் கறுப்புக் கோடு கோடாக ஓடும். வெறுங்காலோடு நின்றால் அந்த இடம் மட்டும் சுடும். சிரட்டையில் அள்ளி அலையில் அரித்தால் வெள்ளை மணல் போய்க் கறுப்பு தங்கும். வலுவான காந்தம் பிடித்தால் பெரும்பகுதி ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அது இல்மனைற். மிஞ்சியதை உள்ளங்கையில் வைத்துச் சூரியனுக்குப் பிடித்தால் கண்ணாடித் தூள் மாதிரி சில மணிகள் மின்னும். கொஞ்சம் வடக்கே புல்மோட்டையில் 1957இல் தொடங்கிய அரசாங்க நிறுவனம் அந்த மணலைத்தான் பிரித்தெடுத்து வருகிறது. சிர்க்கான் மட்பாண்டத்துக்கும் தரை ஓட்டு மெருகுக்கும் போகிறது. என் உள்ளங்கையில் மின்னியது என்னவென்று அன்று சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. இங்கே வளரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நாங்கள் இருக்கிறோம்.

அஜின்கோர்ட்டின் கீழே இருப்பது பனியாறு கொண்டுவந்து கொட்டிய மண். அதற்குக் கீழே 45 கோடி ஆண்டுக் கடற்சேற்றுப் பாறை. அதற்கும் கீழே கிரென்வில். பிள்ளைகளோடு ஹைலண்ட் ஓடைக் கரைக்கு நடக்கப் போனால் தண்ணீருக்குள் இளஞ்சிவப்பில் கறுப்புக் கோடு போட்ட உருண்டைக் கற்களைக் காண்பீர்கள். அவை இந்த இடத்துக் கற்கள் அல்ல. பனி வடக்கிலிருந்து இழுத்து வந்தவை. ஒன்றைக் கையில் எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். அதற்குள் சிர்க்கான் இருக்கிறது.